ஐந்தாண்டுக்குள் அடங்கும் கேள்வி: மலையில் படிப்பவர்களும் ஆய்வு உதவித்தொகையும்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பகுதிகளில் எம்.எஸ்சி. இறுதியாண்டு படிக்கும் மாணவர்கள், படிப்பு முடியும் தறுவாயில் என்னிடம் வந்து, "எந்த ஃபெல்லோஷிப்புக்கு அப்ளை பண்ணலாம், மேடம்?" என்று கேட்கிறார்கள். திட்டங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. அந்த விவரம் எல்லாம் அவர்கள் கையிலிருக்கும் போனிலேயே கிடைக்கிறது. நான் திருப்பிக் கேட்பது வேறு: "ஐந்து வருஷத்துக்குள் எதைக் கண்டுபிடித்து முடிக்கப் போகிறாய்?" பெரும்பாலானோர் இதற்கு ஒரு துறையின் பெயரைத்தான் விடையாகத் தருகிறார்கள். சுற்றுச்சூழல், நானோ, விண்ணியற்பியல் என்று சொல்கிறார்களே தவிர, கேள்வியைச் சொல்வதில்லை. உதவித்தொகைக்கான விண்ணப்பம் வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான எண்ணம். மலையில் இருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஓர் அனுகூலம் இருக்கிறது. அதை அவர்கள் பயன்படுத்தாமல் விடுகிறார்களே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் அப்பா அம்மா முதலில் கேட்பது அதைத்தான். அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுமமான சி.எஸ்.ஐ.ஆர்., பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. ஆகிய அமைப்புகளின் தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் (ஜே.ஆர்.எஃப்.) தகுதி பெற்று முனைவர் பட்ட ஆய்வில் சேர்பவருக்கு, 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த உயர்வின்படி, முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், மதிப்பீட்டில் தேறி முதுநிலை ஆய்வாளர் (எஸ்.ஆர்.எஃப்.) ஆன பிறகு 42,000 ரூபாயும் வழங்கப்படுகிறது. அதற்கு முன் இவை 31,000, 35,000 ஆக இருந்தன. மொத்தம் ஐந்து ஆண்டுகள். இதனுடன் வீட்டு வாடகைப் படியும் உண்டு. அது மத்திய அரசு ஊழியர்களுக்கான விகிதத்தில் கணக்கிடப்படுவதால், சென்னையில் ஆய்வு செய்பவருக்குக் கிடைக்கும் விகிதத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவருக்குக் கிடைக்கும், ஜே.ஆர்.எஃப். தொகைக்கு அது நாலாயிரம் ரூபாயைக்கூட எட்டாது. மக்கள்தொகையை வைத்து ஊர்களைப் பிரிக்கும் அந்தக் கணக்கில், ஏப்ரல், மே சீசனில் ஒரு சிறிய அறைக்குக்கூட என்ன விலை சொல்கிறார்கள் என்பதற்கு இடமில்லை. சீசனுக்காக ஆண்டுதோறும் அறையைக் காலி செய்து, இரண்டு மாதம் தோழியின் வீட்டில் தங்கி ஆய்வைத் தொடர்ந்தவர்களை நான் அறிவேன். இந்த விதி மாற வேண்டும் என்று வாய்ப்புக் கிடைக்கும் இடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

நெட் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. பள்ளிப் படிப்பைத் தமிழ்வழியில் முடித்து வந்த மாணவர்களுக்கு, பாடத்தைவிட, முதல் பகுதியில் வரும் பொதுத்திறன் கேள்விகளின் ஆங்கிலமே தடையாக நிற்பதை நான் நேரில் பார்க்கிறேன். அந்தப் பகுதிக்கு மட்டும் நாள்தோறும் அரை மணி நேரம் ஒதுக்கி, பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தவர்கள் அந்தத் தடையைத் தாண்டியிருக்கிறார்கள். இறுதியாண்டு படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். படிப்பை முடித்த பிறகு பார்க்கலாம் என்று ஓராண்டைக் கழிப்பதற்குக் காரணமே இல்லை.

நெட் ஒன்றே வழி என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கிப் போகிறவர்கள் நிறைய. பல்கலைக்கழக அளவில் முதுகலை அறிவியலில் முதலிடம் பெற்றவர், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பையர் ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம். கொடைக்கானலில் உள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் இதை முதலாமாண்டிலேயே மனத்தில் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் தரவரிசை முதல் பருவத்திலிருந்தே உருவாகத் தொடங்கிவிடுகிறது. பழங்குடியின மாணவர்களுக்காகப் பழங்குடியினர் நல அமைச்சகம் ஆண்டுக்கு 750 பேருக்கு வழங்கும் தேசிய ஃபெல்லோஷிப் முதுகலை மதிப்பெண்ணை வைத்துத் தேர்வு செய்யப்படுகிறது; அதற்கு நெட் தேவையில்லை. தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களும் வாழும் மாவட்டத்தில் இந்தச் செய்தி இன்னும் போதிய அளவுக்குப் பரவவில்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம். சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்குடன் ஆதார் இணைப்பு என்று தாள்களைத் திரட்டுவதிலேயே கடைசி நாள் போய்விடுகிறது. தமிழ்நாடு அரசும் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை என்ற பெயரில் ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வு நடத்தி, முழுநேர ஆய்வாளர்களுக்கு உதவுகிறது. ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி. போன்ற நிறுவனங்களில் சேர்பவர்களுக்கான பிரதமர் ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் மாதம் 70,000 ரூபாயில் தொடங்குகிறது. இனி கேள்விக்கு வருகிறேன்.

ஐந்து ஆண்டு என்பது ஆய்வுக்கு எவ்வளவு குறைந்த காலம் என்பது மலையில் இருப்பவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். குறிஞ்சி 2006-இல் பூத்தது, பிறகு 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. சூரியனில் கரும்புள்ளிகள் பெருகிக் குறையும் சுழற்சிக்கு ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஆகின்றன. இவற்றில் எதையும் ஓர் உதவித்தொகைக் காலத்துக்குள் முழுதாகப் பார்த்துவிட முடியாது. ஆனால் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுக்கப்பட்டு வந்த சூரியப் படங்கள் கண்ணாடித் தகடுகளிலும் ஃபிலிமிலும் பாதுகாக்கப்பட்டு, இப்போது கணினியில் ஏற்றப்பட்டிருக்கின்றன. நூறாண்டுக்கு மேற்பட்ட அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு உட்காரும் ஆய்வு மாணவர், தன் ஐந்து ஆண்டுகளில் பல சுழற்சிகளை ஒப்பிட்டுவிட முடியும். ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் கிரேப்ஸ்-3 கருவித்தொகுதி, காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதுவதால் உருவாகும் மியூவான் என்ற நுண்துகள்களை இரவு பகலாக எண்ணிக்கொண்டே இருக்கிறது. 2014 டிசம்பர் 1 அன்று மலைக்கு மேலே வந்து நின்ற ஓர் இடிமேகத்துக்குள் ஏறத்தாழ 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என்று அந்தப் பதிவிலிருந்து கணித்து, 2019-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மழைக்காலந்தோறும் நம் கூரைகளுக்கு மேல் உறுமிவிட்டுப் போகும் மேகம்தான் அது. முன்னவர்கள் நிறுவி விட்டுப்போன கருவியும் சேர்த்து வைத்த பதிவும் இருக்கும் இடத்தில், குறுகிய காலத்திலும் நீண்ட கேள்வியைக் கேட்கலாம்; நம் மலைகளில் அப்படிப்பட்ட இடங்கள் பல இருக்கின்றன.

இன்னொரு சான்றும் சொல்ல வேண்டும். கோதுமையைத் தாக்கும் துருநோய்ப் பூஞ்சைகள் வடக்கே சமவெளியின் கோடை வெப்பத்தைத் தாங்காமல் அழிந்துபோகின்றன. நீலகிரியிலும் பழனி மலையிலும் நிலவும் குளிரில் அவை பிழைத்திருந்து, காற்றோடு கிளம்பி நடு இந்தியாவின் வயல்களுக்குப் போய்ச் சேர்கின்றன. குன்னூரை அடுத்த வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருப்பதற்கு இதுவே காரணம். மலைச்சரிவில் கோதுமைப் பயிரைப் பார்க்கும் எவருக்கும், நாட்டின் உணவுக் கிடங்கோடு அந்தச் சரிவுக்கு இருக்கும் உறவு கண்ணில் படாது. விண்ணப்பத்தைப் படிக்கும் குழுவிடம் அந்த உறவை எடுத்துச் சொன்னால், "ஏன் ஊட்டியில்?" என்ற கேள்விக்கு இடமே இராது.

அண்மையில் கோத்தகிரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த தாவரவியல் மாணவி தன் ஆய்வுத் திட்ட வரைவைக் கொண்டுவந்தாள். முதல் பக்கம் முழுவதும், பல்லுயிர் வளம் மனிதகுலத்துக்கு இன்றியமையாதது, மேற்குத் தொடர்ச்சி மலை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று போனது. இரண்டாம் பக்கத்தின் நடுவில், வாட்டில் மரத் தோப்புகளின் அடியில், இம்மலைகளின் இயற்கைக் காடான சோலையின் மரக்கன்றுகள் முளைத்திருப்பதைத் தன் ஊருக்கு மேலே பார்த்ததாக ஒரே ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பற்றி விசாரித்தேன். திறந்த புல்வெளியில் அதே கன்றுகள் ஏன் நிற்பதில்லை என்று கேட்டபோது, "பனி கருக்கிடும், மேடம்" என்றாள். தலைக்குந்தாவிலும் அவலாஞ்சியிலும் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் புல் வெள்ளை பூத்துக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது தெரிந்த செய்தி. அந்நிய மரமான வாட்டிலை வெட்டி அகற்ற வேண்டும் என்று எல்லோரும் சொல்லும் வேளையில், அதன் நிழல் உறைபனியிலிருந்து சோலைக் கன்றுகளைக் காக்கிறதா, காக்கிறதென்றால் எவ்வளவு நிழல் போதும், எப்போது, எந்த அளவுக்கு வெட்டினால் கன்று பிழைக்கும் என்பதெல்லாம் வனத்துறைக்கு நாளைக்கே பயன்படும் கேள்விகள்.

அதன் பிறகு வரைவு வேறு உருவம் எடுத்தது. முதல் வாக்கியத்திலேயே கேள்வி வந்தது. ஒரே சரிவில் புல்வெளி, அடர்ந்த தோப்பு, பாதி வெட்டிய தோப்பு என மூன்று வகை இடங்கள். ஒவ்வொன்றிலும் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் அளவில் சதுரங்கள். ஒவ்வொரு கன்றுக்கும் எண் பொறித்த அலுமினியத் தகடு. முழங்கால் உயரத்தில் வெப்பநிலையைத் தானே பதிவு செய்யும் சிறு கருவிகள். கன்றின் உயரத்தில் இருக்கும் குளிரும், ஆள் உயரத்தில் வானிலை நிலையம் அளக்கும் குளிரும் ஒன்றல்ல என்பதால் அந்த முழங்கால் உயரம் முக்கியமானது. அதற்கான காரணத்தையும் ஒரு வாக்கியத்தில் எழுதச் சொன்னேன். ஐந்து ஆண்டில் முதல் ஆண்டு அனுமதி பெறுவதற்கும் பாடத்தேர்வுக்கும் போய்விடும் என்று வைத்துக்கொண்டால், கையில் நான்கு பனிக்காலங்கள் மிஞ்சும். அந்த நான்கையும் எப்படிச் செலவிடுவது என்று அவள் போட்ட அட்டவணைதான் அந்த விண்ணப்பத்தின் உயிர் என்று நான் நினைக்கிறேன். செலவுக் கணக்கில் ஜீப் வாடகையும், கூட வரும் உள்ளூர் உதவியாளரின் கூலியும் முதலில் இல்லை. "அண்ணன் வண்டியில கூட்டிட்டுப் போவாங்க" என்றாள். அந்த அண்ணனுக்கும் நாட்கூலி உண்டு என்று சொல்லி அதைச் சேர்க்க வைத்தேன். ஊர்க்காரர்களின் உழைப்பைக் கணக்கில் காட்டாத திட்டம் நேர்மையான திட்டம் ஆகாது. குழுவில் களப்பணி அறிந்தவர் ஒருவர் இருந்தால், அது நடைமுறைக்கு ஒவ்வாத திட்டம் என்றும் எழுதிவிடுவார்.

அனுமதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள்ளோ கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்துக்குள்ளோ ஆய்வு செய்ய, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். இரண்டாம் ஆண்டின் முடிவில் வெளி நிபுணர் அமர்ந்து மதிப்பீடு செய்யும்போது, அனுமதி வரக் காத்திருந்தேன் என்ற விடை எடுபடாது. ஆகவே சேர்ந்த வாரமே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, காத்திருக்கும் காலத்தில் சரணாலயத்துக்கு வெளியே செய்யக்கூடிய ஒரு பகுதியைத் திட்டத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

இந்த மலைகளின் பெரிய கருவிகளுக்குப் பின்னாலும் ஓர் உதவித்தொகை இருப்பதை மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். வானியலாளர் வேணு பாப்பு ஹைதராபாத் அரசின் உதவித்தொகையில் ஹார்வர்டுக்குப் போனவர். அங்கு மாணவராக இருந்தபோதே, 1949-இல், ஒரு வால்விண்மீனைக் கண்டார், அது இன்றும் அவர் பெயரையும் சேர்த்தே அழைக்கப்படுகிறது. பட்டம் பெற்ற பிறகு கார்னகி ஃபெல்லோஷிப்பில் கலிஃபோர்னியாவில் பணியாற்றினார். அங்கே ஓலின் வில்சனுடன் சேர்ந்து கண்ட தொடர்பு, ஒரு விண்மீனின் நிறமாலையில் கால்சியம் கோட்டின் நடுவே எழும் ஒளியின் அகலத்தைக் கொண்டு அந்த விண்மீனின் உண்மையான ஒளித்திறனைக் கணிக்க வழி செய்தது. அதே கால்சியம் ஒளியில் சூரியனைப் பல்லாண்டுகளாகப் படமெடுத்துக்கொண்டிருந்த கொடைக்கானல் ஆய்வகத்துக்கு அவர் 1960-இல் இயக்குநராக வந்து சேர்ந்தார்; காவலூர் வான் ஆய்வகம் அதன் பிறகு உருவானது. கோவிந்த் சுவரூப் 1953-இல் கொழும்புத் திட்ட ஃபெல்லோஷிப்பில் சிட்னிக்குச் சென்று ரேடியோ வானியல் கற்றார். அவருடன் அதே திட்டத்தில் சென்றவர் கொடைக்கானல் ஆய்வகத்தைச் சேர்ந்த பார்த்தசாரதி. சுவரூப் பின்னாளில் ஊட்டியை அடுத்த முத்தோரையில் 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கியை எழுப்பினார். அட்சரேகைக்கு ஏறத்தாழச் சமமான கோணத்தில், 11 பாகை சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் நிறுவியதால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே திசையில் சுழற்றினாலே வானத்துப் பொருளை மணிக்கணக்கில் தொடர முடிகிறது. 1970-இல் அது இயங்கத் தொடங்கியது. இரண்டாண்டு உதவித்தொகை ஒன்றின் பயன் பதினேழு ஆண்டு கழித்து நம் ஊர்ச் சரிவில் நின்றதை, உதவித்தொகைகளுக்கு நிதி ஒதுக்குகிறவர்களும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நிதி ஒதுக்குவதோடு முடிவதில்லை, அது உரிய மாதத்தில் வந்து சேர வேண்டும். நான் ஆய்வு மாணவியாக இருந்த காலத்தில், எனக்குத் தொகை வழங்கிய அமைப்பு, பணம் செலவான விதத்தைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழில் ஒரு கையொப்பம் விடுபட்டதைக் காரணம் காட்டிப் பல மாதங்கள் நிறுத்தி வைத்துவிட்டு, பிறகு மொத்தமாக அனுப்பியது. மொத்தமாக வந்த பணம் கடனை அடைத்தது. ஆனால் கைவிட்டுப்போன களப்பயணங்களைத் திருப்பித் தரவில்லை. இப்போதும் இதே புகாரைக் கேட்கிறேன். கல்லூரி அலுவலகம் மாதந்தோறும் வருகையை உறுதி செய்து அனுப்பினால்தான் பணம் வரும் என்ற ஏற்பாடுள்ள திட்டங்களில், அந்த வேலையைப் பார்க்கும் எழுத்தர் யார், எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்பதைச் சேர்ந்த முதல் நாளே தெரிந்துகொண்டு, அவரிடம் மரியாதையாக, விடாமல் நினைவூட்டிக்கொண்டிருக்க வேண்டும். சேர்க்கை அறிக்கை, பில்கள், அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருங்கள். உதவித்தொகை தாமதமாவதைக் கேட்பதற்குத் தயங்கும் பிள்ளைகளிடம், அது நீங்கள் செய்த வேலைக்கான ஊதியம், கூசாமல் கேளுங்கள் என்று சொல்கிறேன். 2019-க்கு முன் 25,000 ரூபாயாக இருந்த ஜே.ஆர்.எஃப். தொகை உயர்ந்ததும், நாடெங்கும் ஆய்வு மாணவர்கள் வெளிப்படையாகக் கேட்டதனால்தான்.

முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய காலம் இன்னும் கடினமானது. முன்பு அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் (எஸ்.இ.ஆர்.பி.) நடத்தி, இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் கீழ் வந்திருக்கும் தேசிய போஸ்ட்டாக்டோரல் ஃபெல்லோஷிப் இரண்டு ஆண்டுக்குரியது. வயது வரம்பு 35, சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு. ஆய்வுத் திட்டங்களில் ரிசர்ச் அசோசியேட்டாகச் சேர்பவருக்கு, 2023 உயர்வின்படி, நிலையைப் பொறுத்து மாதம் 58,000 முதல் 67,000 ரூபாய் வரை. இரண்டு ஆண்டில் கருவியைப் புதிதாக நிறுவித் தரவு சேர்த்து முடிப்பது நடக்காத காரியம். நான் முன்னே சொன்ன பதிவுகளின் அருமை இங்கேதான் கூடுகிறது. வானியலில் விருப்பமுள்ளவர்கள் கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் சந்திரசேகர் போஸ்ட்டாக்டோரல் ஃபெல்லோஷிப்பைப் பாருங்கள். திருமணம், மகப்பேறு, பெற்றோரைப் பார்த்துக்கொள்வது என்று இடைவெளி விழுந்த பெண்கள், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும்போது அந்த இடைவெளியை மறைக்க வேண்டியதே இல்லை. அந்தத் திட்டங்கள் அவர்களை முன்னிட்டே இருப்பவை. பட்டம் வாங்கி எட்டு வருஷம் வீட்டில் இருந்த பெண் ஒருவர் தேயிலைத் தோட்டங்களின் மண்ணைப் பற்றிய திட்டத்தோடு மீண்டும் ஆய்வகத்துக்கு வந்ததைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சாதாரணமானதல்ல.

விருதுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். 45 வயதுக்கு உட்பட்ட விஞ்ஞானிகளுக்கான விஞ்ஞான் யுவா சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது போன்றவை பணியில் பல ஆண்டு ஊன்றிய பிறகு வருபவை. மாணவப் பருவத்தில் கருத்தரங்கில் சிறந்த சுவரொட்டிக்குக் கிடைக்கும் பரிசும், வெளிநாட்டு மாநாட்டுக்குக் கிடைக்கும் பயண உதவியும் போதும். இவை அடுத்த விண்ணப்பத்தில் ஒரு வரியாக நின்று உண்மையாகவே உதவும்.

கடைசியாகப் பரிந்துரைக் கடிதம். கடைசி நாளுக்கு முந்தின மாலை வந்து கேட்டால் எந்த ஆசிரியராலும் நல்ல கடிதம் எழுத முடியாது. பெயரை மாற்றி ஒட்டிய பொதுவான கடிதம்தான் கிடைக்கும். மூன்று வாரம் முன்னதாக வாருங்கள். மதிப்பெண் பட்டியலுடன், நீங்கள் செய்த புராஜெக்ட்டின் சுருக்கத்தையும், ஆய்வுக் கேள்வியை எழுதிய ஒரு பக்கத்தையும் கொண்டு வாருங்கள். அந்தப் பக்கம் முதலில் தமிழில் இருந்தாலும் சரி. உட்கார்ந்து பேசி, கேள்வி தெளிந்த பிறகு ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம்.